எடை போடாத மேசை

அந்த மேசையில் யாரும் யாருடைய துன்பத்தையும் எடை போடுவதில்லை. இது எங்கும் எழுதி ஒட்டப்பட்டிருக்கவில்லை. யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததுமில்லை. ஆனால் மெல்பர்னில், கார்லைல் தெருவுக்குப் பின்புறம் இருந்த அந்த யூதப் படுகொலை நினைவு மையத்தின் தேநீர் அறைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அது தெரிந்திருந்தது. உனக்கு எவ்வளவு, எனக்கு எவ்வளவு என்று ஒருவர் கேட்டுவிட்டால் பிறகு அந்த மேசையைச் சுற்றி எவரும் உட்கார முடியாது.

வாய்கள் கடைப்பிடித்த விதியை நாற்காலிகள் கடைப்பிடிக்கவில்லை. வெயில் விழும் ஜன்னலோரத்தில், நாஜி முகாமில் முன்கையில் எண் பச்சை குத்தப்பட்டவர்கள் உட்கார்ந்தார்கள். அவர்களை அடுத்து, எண் குத்தாத முகாம்களிலிருந்து மீண்டவர்கள். பிறகு காட்டில் துப்பாக்கியோடு அலைந்தவர்கள். அதன்பின் சைபீரியாவில் மரம் வெட்டிப் பிழைத்தவர்கள். கடைசியில், வெந்நீர்க் கெண்டிக்குப் பக்கத்தில், போர்க்காலத்தில் யாரோ ஒருவர் வீட்டில் ஒளித்துவைக்கப்பட்ட குழந்தைகள். குழந்தைகள் என்றே அவர்கள் இன்னும் அழைக்கப்பட்டார்கள். அவர்களில் இளையவளான ஹேனியா வைன்ரிப்புக்கு அந்த இலையுதிர்காலத்தில் ஐம்பத்தேழு வயது முடிந்திருந்தது.

கெண்டி எட்டும் தூரத்தில் இருந்ததால் தேநீர் ஊற்றுவது ஹேனியாவின் வேலையாயிற்று. பள்ளிப் பிள்ளைகளுக்கு மையத்தைச் சுற்றிக் காட்டுவாள். திங்கட்கிழமை காலைகளில் அலுவலகத்தைத் திறந்து தொலைபேசிச் செய்திகளைக் குறித்துவைப்பாள். ஆண்டுதோறும் நினைவு நாளில், மாண்ட அறுபது லட்சம் பேருக்காக ஆறு பேர் ஆறு மெழுகுவர்த்திகளை ஏற்றும்போது, மேடையில் அவர்களுக்குப் பின்னால் நின்று தீக்குச்சி கிழித்துக் கொடுப்பாள். ஏற்றுகிறவர்களின் கை நடுங்கும். ஹேனியாவின் கை நடுங்காது. நடுங்காத கைக்கு மெழுகுவர்த்தி ஏற்றும் உரிமை கிடையாது என்பதை அவள் தானாகவே புரிந்துகொண்டிருந்தாள்.

ஜன்னலோரத்து முதல் நாற்காலி ஃபெலா கிரின்பாமுடையது. எழுபது வயதிலும் உதட்டுச் சாயம் இல்லாமல் ஃபெலா வெளியே வந்ததில்லை. எவ்வளவு குளிரானாலும் குட்டைக் கை சட்டைதான். சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு தேநீரை அதன் வழியே உறிஞ்சுவாள். உறிஞ்சிக்கொண்டே எல்லோரையும் கேலி செய்வாள். அவள் அறைக்குள் நுழைந்தாலே பள்ளிப் பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள். அவள் வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. அந்தக் கை பேசிவிடும். ஹேனியாவோ தொண்டை வறளப் பேசி முடித்த பிறகும் கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் கையைத் தூக்கி, அப்படியானால் நீங்கள் சும்மா ஒளிந்துகொண்டுதான் இருந்தீர்களா என்று கேட்பான்.

அதைப் பொறாமை என்று அழைக்க ஹேனியா துணியவில்லை. எதன்மேல் பொறாமை? அந்த எண்ணின்மேலா? பதினேழு வயதில் பெற்றோரையும் இரண்டு தம்பிகளையும் ஒரே காலையில் பறிகொடுத்தவள்மேலா? அப்படிப்பட்டவளைப் பார்த்து வயிறெரிகிறவளுக்கு எந்த மொழியில் பெயர் இருக்கிறது? பெயரில்லாத நோய்க்கு மருந்து கேட்டு யாரிடமும் போக முடியாது. வயிறு மட்டும் காந்திக்கொண்டே இருந்தது.

காந்தலின் வேர் அந்த மேசைக்கும் முந்தியது. ஹேனியாவின் அம்மா குஸ்தாவும் ஃபெலாவும் கப்பலில் வந்திறங்கிய புதிதில் ஃபிளிண்டர்ஸ் லேனில் ஒரு மேற்கோட்டுத் தொழிற்சாலையில் அடுத்தடுத்த தையல் இயந்திரங்களில் வேலை செய்தார்கள். பள்ளி விட்டதும் ஹேனியா அங்கே போய்ப் பொத்தான் தைப்பாள். அவள் படியேறும்போது இருவரும் பேசிக்கொண்டிருப்பது கேட்கும். அவள் கதவைத் தள்ளியதும் பேச்சு நின்று இயந்திரச் சத்தம் மட்டும் இருக்கும். என்ன பேசினீர்கள் என்று கேட்டால் குஸ்தா ஒரே பதிலைத்தான் சொல்வாள். நீ குழந்தை, உனக்கு என்ன ஞாபகம் இருக்கப்போகிறது, நீ அதிர்ஷ்டக்காரி. குஸ்தா முகாமில் பட்டதையெல்லாம் ஃபெலா அறிவாள். மகள் அறியமாட்டாள். குஸ்தா செத்துப் பல ஆண்டுகளாகியும் ஜன்னலோரத்தில் அந்தச் சிவந்த உதடுகள் அசையும்போதெல்லாம், தன் அம்மா அங்கே பூட்டிவைக்கப்பட்டிருக்கிறாள் என்றே ஹேனியாவுக்குத் தோன்றும்.

ஞாபகம் இல்லை என்பது பொய். ஹேனியாவுக்கு ஒன்று ஞாபகம் இருந்தது.

போலந்தில், தார்னோ நகருக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஸ்தெஃபானியா என்ற சலவைக்காரியிடம் மூன்று வயதில் அவள் ஒப்படைக்கப்பட்டாள். பெயர் ஹாங்கா ஆயிற்று. ஆள் வந்தால் உருளைக்கிழங்குப் பெட்டிக்குள் போய்விட வேண்டும். இருமல் வந்தால் துணியைக் கடிக்க வேண்டும். சிலுவைக்குறி போடவும், மண்டியிட்டு வேண்டவும், தெருப்பிள்ளைகள் பேசுகிறபடி பேசவும் கற்றுக்கொண்டாள். நன்றாகவே கற்றுக்கொண்டாள். போர் முடிந்து, மொட்டைத்தலையும் வீங்கிய கால்களுமாக ஒரு பெண் வாசலில் வந்து நின்று இரு கைகளையும் நீட்டியபோது, ஆறு வயது ஹாங்கா ஸ்தெஃபானியாவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். அங்கிருந்தபடியே தெருப்பிள்ளைகள் சொல்வதைச் சொன்னாள்.

"யூதச்சி! வெளியே போ!"

தன் வாழ்நாளில் எத்தனையோ முறை அந்தச் சொல்லை அவள் கேட்டிருக்கிறாள். ஒருவர் முகத்துக்கு நேரே அது எறியப்பட்டு முதன்முதலில் கேட்டது தன் வாயிலிருந்து. தாயும் மகளும் பிறகு அந்த வாசலைப் பற்றி ஒருமுறைகூடப் பேசவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையில் ஹேனியா உருளைக்கிழங்குப் பெட்டியோடு நிறுத்திக்கொள்வாள். அடுத்த வரியில் கப்பல் வந்துவிடும்.

அந்த ஆண்டு ஈஸ்டருக்கு முன்பு வீட்டு அஞ்சல் பெட்டிகளில் துண்டறிக்கைகள் விழத் தொடங்கின. படுகொலையே நடக்கவில்லை, எல்லாம் யூதர்கள் கட்டிவிட்ட கதை என்று அவற்றில் அச்சாகியிருந்தது. அதைவிட மோசமாக, நகரமே கேட்கும் ஒரு காலை வானொலி நிகழ்ச்சியில், நேயர்கள் தொலைபேசியில் பேசும் நேரத்தில், இன்னார் என்று பெயர் சொல்லாத ஒருவர் வாரந்தோறும் வந்து அதையே மரியாதையான குரலில் சந்தேகமாகக் கேட்டார். நிகழ்ச்சியை நடத்திய ரஸ் ட்ரெவல்யனுக்கு எல்லாத் தரப்பும் ஒன்றுதான்; தொலைபேசி விளக்குகள் எரிந்துகொண்டிருந்தால் போதும். பதில் சொன்னால் அவர்களை வளர்த்துவிடுவோம் என்று மேசையில் பாதிப் பேர் சொன்னார்கள். சொல்லாமல் இருந்து ஒருமுறை பார்த்தாயிற்று என்று மீதிப் பேர் சொன்னார்கள். கடைசியில் மையத்தின் நிர்வாகி இஸ்ஸி, வானொலி நிலையத்துடன் பேசி, ஃபெலாவை ஒரு வியாழக்கிழமை அனுப்பிவைத்தார். முகாமிலிருந்து மீண்டவர்களின் மகன் அவர். நாற்பத்தைந்து வயதிலும் மேசையில் இருப்பவர்களை ஆன்ட்டி, அங்கிள் என்றுதான் கூப்பிடுவார்.

ஃபெலா பேசினாள். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் ஓரமாக நிறுத்திக் கேட்டதாக நாளிதழில் வந்தது. கார்லைல் தெரு பேக்கரிக்காரர் அவளிடம் கசகசாக் கேக்குக்குக் காசு வாங்க மறுத்தார்.

திங்கட்கிழமை ஹேனியா அலுவலகத்தைத் திறந்தபோது ஆன்சரிங் மெஷினின் சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. பாராட்டியவர்கள் இருந்தார்கள். மற்றவர்களும் இருந்தார்கள். பொய்க்காரக் கிழவி என்றார்கள். உன் கையில் இருப்பதை நீயே எழுதிக்கொண்டாய் என்றார்கள். ஒருவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட வேலையை முடிக்க ஆள் இருக்கிறது, நீ எந்தத் தெருவில் இருக்கிறாய் என்பதும் தெரியும் என்றான்.

இதற்கும் ஒரு நடைமுறை இருந்தது. இப்படிப்பட்ட குரல்களை ஒரு கேசட்டில் பதிந்து காவல்துறைக்கு அனுப்பிவிட்டு மெஷினில் இருப்பதை அழித்துவிட வேண்டும். யாரைத் திட்டினார்களோ அவரிடம் சொல்லக்கூடாது.

ஹேனியா கேசட்டைப் போட்டாள். பதிவு ஓடியது. கேட்கக் கேட்க அவளுக்கு அருவருப்பு வந்தது, பயம் வந்தது. இரண்டுக்கும் அடியில் ஏதோ ஒன்று மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தது. அது என்னவென்று தெரிந்தபோது அவள் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டாள். பதினோரு ஆண்டுகள் பள்ளிப் பிள்ளைகளிடம் பேசியிருக்கிறாள். ஊர்ப் பத்திரிகையில் இருமுறை படம் வந்திருக்கிறது. ஒருவனாவது அவளைப் பொய்க்காரி என்று அழைத்ததுண்டா? மறுக்கும் அளவுக்குக்கூட அவள் கதையை எவனும் மதிக்கவில்லை. பகைவர்களும் அந்த மேசையின் நாற்காலி வரிசையை அப்படியே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

பின்னால் வந்து நின்ற இஸ்ஸி, வசவுகளைக் கேட்டு முகம் சுளித்தார். வானொலி நிலையத்திலிருந்து மறுபடி அழைப்பு வந்திருப்பதாகவும், இந்த முறை அந்தச் சந்தேகக்காரரும் தொலைபேசியில் இருப்பார் என்றும் சொன்னார்.

"ஃபெலாவால வர முடியலன்னா?" என்று கேட்டாள் ஹேனியா. திரும்பிப் பார்க்கவில்லை.

"ஃபெலா ஆன்ட்டியா? ஆம்புலன்ஸ்ல ஏத்துனாலும் அதை ஸ்டேஷனுக்கு விடச் சொல்லுவாங்க."

"ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன்."

"ஒரு பேச்சுக்குன்னா நீங்கதான் ஆன்ட்டி. உங்களுக்குத்தான் இங்கிலீஷ் நல்லா வரும்."

இங்கிலீஷ் நல்லா வரும். அவ்வளவுதான் அவளுடைய தகுதி. ஆனால் அந்த வாக்கியம் காதைவிட்டுப் போகவில்லை. இஸ்ஸி போன பிறகு காவல்துறைக்குப் போகும் உறைக்குள் கேசட்டை வைத்தாள்; வைத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் ஃபெலா வந்ததும் அலுவலகத்துக்கு அழைத்துக் கதவைச் சாத்தினாள். தெரிந்துகொள்வது உங்கள் உரிமை, மறைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, பாதுகாப்பு விஷயம் இது என்று ஒவ்வொன்றாக அடுக்கினாள். ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் ஒலித்தது. கேசட்டை ஓடவிட்டாள்.

ஃபெலா கைப்பையை மடியில் வைத்து, அதன்மேல் இரு கைகளையும் வைத்துக்கொண்டு கேட்டாள். மற்றக் குரல்களுக்கு முகம் அசையவில்லை. செருமுகிறவன் வந்து போனதும் விரலை உயர்த்தினாள்.

"அவனை இன்னொரு தடவை போடு."

ஹேனியா பின்னால் ஓட்டிப் போட்டாள். ஃபெலா கேட்டது அவனையல்ல என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் கண்கள் மெஷின்மேல் இல்லை. ஹேனியாவின் முகத்தின்மேல் இருந்தன.

"இவனுக்கு நெஞ்சுல சளி கட்டியிருக்கு," என்றாள் ஃபெலா. எழுந்து கைப்பையின் கொக்கியைத் திறந்தாள், மூடினாள். "எனக்கு ரத்தக்கொதிப்பு, தெரியுமில்ல. டாக்டர் வேற பயமுறுத்துறாரு. இந்த வாரம் நான் போகல. நீ போயிட்டு வா, ஹேனியா."

"நானா?"

"வேற யாரு இருக்கா?"

குரலில் வழக்கமான கேலி இல்லை. கேலி இல்லாததையே வெற்றியின் அடையாளமாக ஹேனியா எடுத்துக்கொண்டாள். ஃபெலா வெளியே போய்க் கதவு சாத்தியதும் மேசையருகே நின்றபடியே, பெண் பார்க்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்ட சிறுமியைப்போலத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். அதன்பிறகு தன் கையைப் பார்த்து அருவருத்தாள்.

தேநீர் அறையில் செய்தி பரவியபோது யாரும் ஃபெலாவையும் அவளையும் ஒப்பிடவில்லை. ஒப்பிடக்கூடாது என்பதுதானே விதி. நல்லது, நல்லது என்றார்கள். லித்துவேனியக் காட்டில் தண்டவாளங்களைத் தகர்த்தவரான ஸெலிக் மட்டும், ஹெர்ரிங் மீனை ரொட்டிமேல் பரப்பிக்கொண்டே, எங்கள் படையிலும் குண்டு தீர்ந்துபோனால் கல்லை வீசியிருக்கிறோம் என்று பொதுவாகச் சொல்லிவைத்தார். ஆலையில்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. நாலைந்து பேர் சிரித்தார்கள். ஃபெலா சிரிக்கவில்லை. அவள் ஜன்னல் வழியே டிராம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்காமல் இருந்ததும் ஹேனியாவுக்குப் பிடிக்கவில்லை. சிரித்திருந்தால் வெறுத்துத் தொலைத்திருக்கலாம்.

வியாழக்கிழமை காலை இஸ்ஸி அவளைக் காரில் அழைத்துப்போனார். ஹேனியா கருநீல மேற்கோட்டு அணிந்திருந்தாள். குஸ்தா தைத்தது. ஒலிபரப்பு அறை அவள் நினைத்ததைவிடச் சிறியது. ரஸ் எழுந்து கைகொடுத்தார். விளம்பரம் ஓடும்போது அவள் பேரப்பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். கண்ணாடிக்கு அப்பால் இஸ்ஸி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மேசையில் எல்லோரும் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள் என்று ஹேனியா எண்ணிக்கொண்டாள். கெண்டிக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும். இன்று தேநீர் யார் ஊற்றுகிறார்களோ.

நன்றாகவே தொடங்கினாள். சலவைக்காரியின் வீடு, மாற்றிய பெயர், உருளைக்கிழங்குப் பெட்டி. துணியைக் கடித்த இடத்தில் ரஸ் பேனாவை உருட்டுவதை நிறுத்தினார். கேட்கிறார்கள், கேட்கிறார்கள் என்று அவளுக்குள் ஏதோ ஒன்று குதித்தது. இந்த நாற்காலிக்காகத்தானே இத்தனையும். பிறகு ரஸ், நம்முடைய வழக்கமான நண்பர் இணைப்பில் இருக்கிறார் என்றார்.

மரியாதையான குரல். படித்த குரல். காதுக்குள் நேராக வந்து உட்கார்ந்தது.

"நான் யாரையும் வெறுக்கல, ரஸ். கேள்வி மட்டும்தான் கேக்குறேன். இந்த அம்மா எந்த முகாம்லயும் இருந்ததில்ல. அவங்களே சொல்லிட்டாங்க. ஒரு வீட்டுல பத்திரமா இருந்திருக்காங்க. அஞ்சு வயசுக் குழந்தைக்கு என்ன ஞாபகம் இருக்கும்? பெரியவங்க சொன்னதைக் கேட்டு வளந்திருக்காங்க. அதைத் திருப்பிச் சொல்றாங்க. அவங்க பொய் சொல்றாங்கன்னு நான் சொல்லல. பாவம், அதிர்ஷ்டசாலி, அவ்வளவுதான்."

ஹேனியா வாயைத் திறந்தாள்.

இதில் ஒரு வார்த்தைகூட அவளுக்குப் புதிதில்லை. ஃபிளிண்டர்ஸ் லேன் படிக்கட்டில் கேட்டிருக்கிறாள். தேநீர் அறையில், யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே, நாற்காலியின் இடத்தில் கேட்டிருக்கிறாள். தன் மக்கள் அன்போடு சொன்ன அதே சொற்களை இந்த மனிதர் எங்கிருந்தோ பொறுக்கியெடுத்துத் துடைத்துத் திருப்பித் தருகிறார். அவற்றுக்கு என்ன பதில் சொல்வது என்று இந்த ஐம்பது ஆண்டுகளில் அவள் கற்றுக்கொள்ளவில்லை.

பதில் ஒன்று இருந்தது. யாரும் சொல்லித் தராத, சொல்லித் தந்திருக்க முடியாத ஞாபகம். வாசல், வீங்கிய கால்கள், அந்தச் சொல். அதைச் சொன்னால் இந்தக் குரல் அடங்கும். சொன்னால், அந்தச் சொல்லை நகரம் முழுவதற்கும் கேட்கும்படி தன் அம்மாவின் முகத்தில் இன்னொருமுறை எறிந்ததாகும். வானொலியில் மௌனம் என்பது தீப்பிடித்த வீடு. ரஸின் கை படபடவென்று பொத்தான்களின்மேல் ஓடியது. கண்ணாடிக்கு அப்பால் இஸ்ஸி, ஏதாவது சொல்லுங்கள் என்று கைகளை அசைத்தார். ஃபெலாவாக இருந்தால் ஒன்றும் சொல்லவேண்டியிருந்திருக்காது. சட்டைக்கையின் ஓரத்தை அவள் தொட்டாலே போதும், அதை வானொலியிலும் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஹேனியா தன் வெறும் முன்கையை, குஸ்தா தைத்த மேற்கோட்டுக்குள் இருந்த அந்த மாசுமறுவற்ற கையை, மறு கையால் இறுகப் பற்றினாள்.

"இன்னொரு நேயர் காத்திருக்காங்க," என்றார் ரஸ், மூச்சு வந்தவராக. "கால்ஃபீல்டிலேர்ந்து ஃபெலா."

கேசட்டைப் பற்றிச் சொல்லப்போகிறாள். எல்லோருக்கும் முன்னால் சொல்லப்போகிறாள்.

"காலை வணக்கம், ரஸ். போன வாரம் வந்தேனே, அதே ஃபெலாதான்."

"உங்களுக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னாங்களே?"

"உடம்பு கல்லாட்டம் இருக்கு. எவனோ மெஷின்ல மிரட்டுனான், அதைக் கேட்டு நான் பயந்துட்டேன்னு ஒருத்தி நினைச்சுக்கிட்டா. மிரட்டுறதையே உத்தியோகமா வெச்சிருந்தவங்களை நான் பாத்திருக்கேன், ரஸ். இவன் கத்துக்குட்டி. அந்த நாற்காலி அவளுக்கு எவ்வளவு வேணும்னு மூஞ்சில தெரிஞ்சுது. அதான் எழுந்துட்டேன்."

ஆக, அதுவும் பிச்சை. தட்டிப் பறித்ததாக நினைத்தது ஜன்னலோரத்திலிருந்து நகர்த்திக் கொடுக்கப்பட்டது. வெட்கத்தில் முகம் எரிந்தபோதும் ஹேனியாவின் வயிற்றில் பழைய காந்தல் அடங்கவில்லை. தாராள மனசும் அவளுக்கே வாய்த்திருக்கிறதே என்று அது முனகியது.

"அந்தப் பெரியவர் இன்னும் லைன்ல இருந்தா கேக்கட்டும்," என்றாள் ஃபெலா. "ஹேனியாவுக்கு ஞாபகம் இருக்கு. என்னன்னு எனக்குத் தெரியும். அவ அம்மா குஸ்தா எனக்குப் பக்கத்து மெஷின். ஒருநாள் சொன்னா. அதை நான் சொல்லமாட்டேன், அது ஹேனியாவோட சொத்து. ஆனா குஸ்தா இன்னொண்ணும் சொன்னா. அதை மகள்கிட்ட சொல்லாமலே போய்ச் சேந்துட்டா, கழுதை. ஹேனியா, கேக்குதா?"

ரஸ் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். ஹேனியா மைக்கின் பக்கம் குனிந்தாள்.

"அந்த வாசல்ல நின்னப்போ உங்கம்மாவுக்குக் கோவமே வரலடீ. இவ்வளவு நல்லாக் கத்துக்கிட்டிருக்கா, அதனாலதான் எம்பொண்ணு உசுரோட இருக்கான்னு நினைச்சாளாம். அப்புறம் காலம்பூரா உன் முகத்தைப் பாக்க வெக்கப்பட்டது அவதான். அப்படி ஒரு பாடத்தை உன்னைக் கத்துக்க விட்டுட்டாளேன்னு."

ஐம்பது ஆண்டுகளாக ஹேனியா கேட்கக் காத்திருந்தது இது. வந்துவிட்டது. வரவேண்டிய வாய் வேறு. அம்மா விட்டுப்போன ஒரே வாக்கியத்தையும் இவள் கையிலிருந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டுமா? கண்ணில் நீர் வழிந்தது. அதில் பாதி நன்றி, பாதி என்னவென்று சொல்ல அவள் விரும்பவில்லை.

"சரி ரஸ், இன்னும் ஒரு நிமிஷம் குடுங்க," என்றாள் ஃபெலா. பின்னணியில் கெண்டி கொதிக்கும் சத்தம் கேட்டது. அவள் கால்ஃபீல்டில் தன் வீட்டிலிருந்து பேசவில்லை. மையத்தின் தேநீர் அறையிலிருந்து, எல்லோர் நடுவிலும் உட்கார்ந்துகொண்டு பேசுகிறாள். "எங்க மேசையில ஒரு வழக்கம் உண்டு. யாருக்கு அதிகம், யாருக்குக் கம்மின்னு வாயைத் திறக்கமாட்டோம். இங்க எல்லாரும் என்னையே முறைச்சுப் பாக்குறாங்க. பாக்கட்டும்."

தொலைபேசிக்குள் ஒரு நாற்காலி தரையில் இழுபட்டது. ஸெலிக்கின் குரல், ஃபெலா, வேண்டாம் என்றது. கண்ணாடிக்கு அப்பால் இஸ்ஸி தலையில் கைவைத்துக்கொண்டார். அவள் என்ன செய்யப்போகிறாள் என்பது ஹேனியாவுக்குப் புரிந்துவிட்டது. தான் எத்தனையோ இரவுகள் படுக்கையில் உருண்டு மனசுக்குள் செய்தது, வெளியே செய்யத் துணியாதது. அதிலும் ஃபெலாதான் முதல்.

"எனக்கு நடந்ததை எங் கையில எழுதுனாங்க," என்றாள் ஃபெலா. "நீளக் கை சட்டை போட்டா மறைஞ்சுபோயிடும். நான்தான் போடுறதில்ல. அவளுக்கு வாய்க்குள்ள வெச்சாங்க. பால் பல்லு விழாத வாயில. அதை எந்தச் சட்டையால மூடுறது? நான் எடை போட்டுப் பாத்துட்டேன், ரஸ். அவளோடதுதான் கனம்."